லத்தீன் வாய்ப்பாடும் துலைஞ்சுபோன ‘ஐ’யும்

இருபதுக்கு ஒன்பது.

பேப்பரைத் திருப்பித் தந்த பேராசிரியர் (நல்ல மனுசி, அவவில பிழை சொல்ல ஏலாது) ஒரு சின்னச் சிரிப்போட மேசையில கவிழ்த்து வச்சிட்டு அங்கால போயிட்டா. கவிழ்த்து வைக்கிறது மரியாதைக்காம். எனக்குப் பக்கத்தில இருந்த பெடியன்ர பேப்பரை மட்டும் நிமிர்த்தித்தான் வச்சவ. அதிலயே விளங்கியிருக்கவேணும்.

பாடம் என்னவென்று கேட்டால் சிரிப்பீங்கள். லத்தீன்.

நான் இஞ்ச வந்தது கணக்கியல் படிக்க. பட்டத்துக்குக் கலைப்பிரிவில இருந்து ஒரு பாடம் எடுத்தே ஆகவேணும் என்று ஒரு விதி. பிறம்ரனில சித்தப்பா வீட்டில இருந்து டவுன்ரவுனுக்கு ஒரு பக்கம் மட்டும் ஒண்டரை மணித்தியாலத்துக்குக் கிட்டப் பயணம். குயின் ஸ்ரீற்றில 501 சூம் பஸ் எடுத்து, வோன் மெற்றோபொலிற்றன் சென்ரரில இறங்கி, பேந்து சப்வே. அந்தப் பயணத்துக்கும் மற்ற வகுப்புகளுக்கும் நடுவில பொருந்தி வந்த ஒரே ஒரு பாடம் ‘ஆரம்பநிலை லத்தீன்’. சினிமா பற்றின பாடம் முதல்நாளே நிரம்பிப்போச்சு. அவ்வளவுதான் காரணம். பெரிய இலட்சியம் ஒண்டும் இல்லை.

சித்தப்பாவுக்கு இதைச் சொன்ன அண்டைக்கே அவர் கேட்டது: “அண்ணை காணியை ஈடுவச்சு உன்னை அனுப்பினது செத்த பாசை படிக்கவோ?” பகிடியாத்தான் கேட்டவர். ஆனால் காணி ஈட்டில இருக்கிறது பகிடி இல்லை. வெளிநாட்டு மாணவருக்கு இஞ்ச கட்டணம் உள்ளூர்ப் பிள்ளைகள் கட்டுறதைப்போலப் பலமடங்கு. எனக்குக் கிடைக்கிற ஒரு சின்ன உதவித்தொகையும் சராசரிப் புள்ளி ஒரு அளவுக்குக் கீழ விழுந்தால் நிண்டுபோகும். நவம்பர் முதல் கிழமைக்குள்ள பாடத்தைக் கைவிட்டால் பதிவில புள்ளி விழாது. ஒக்ரோபர் கடைசி அது. பஸ்ஸில வரேக்க முடிவெடுத்திட்டன், விடுறதெண்டு.

அதை ஏன் விடேல்லை எண்டதுதான் கதை. அதுக்கு முதல் இந்த லத்தீன் பெயர்ச்சொல் எப்பிடி நடக்குது எண்டு கொஞ்சம் சொல்லவேணும். பொறுத்துக்கொள்ளுங்கோ.

ஆங்கிலத்தில ஆர் கடிச்சது, ஆருக்குக் கடி விழுந்தது எண்டதைச் சொல்லுற ஒழுங்கு சொல்லும். முதல் வாறது கடிக்கும், பிறகு வாறது கடிபடும். லத்தீனில அப்பிடி இல்லை. சொல்லின்ர வால் சொல்லும். ‘புவெல்ல’ என்றால் பெண்பிள்ளை. அவள் ஏதாவது செய்தால் ‘புவெல்ல’. அவளுக்கு ஏதாவது செய்யப்பட்டால் ‘புவெல்லம்’. ‘நௌத்த’ என்றால் மாலுமி. ‘புவெல்ல நௌத்தம் அமத்’ என்றால் பெட்டை மாலுமியை விரும்புறாள். ‘நௌத்தம் புவெல்ல அமத்’ என்று மாத்திப் போட்டாலும் விரும்புறது அவள்தான். மாலுமியைப் பெட்டை விரும்புறாள். வகுப்பில இருந்த கனேடியப் பிள்ளைகளுக்கு இது பெரிய அதிசயம். எனக்கு இதில அதிசயம் ஒண்டுமில்லை. நாங்கள் காலமை எழும்பினதில இருந்து படுக்கும்வரைக்கும் செய்யிறது இதுதானே?

பிரச்சினை எங்க எண்டால், எங்கட வால் ஒரு வரிசைதான். ஐ, ஆல், கு, இன், அது, கண். பள்ளிக்கூடத்தில பாட்டு மாதிரிப் பாடமாக்கினது. பெண் என்றாலும் மரம் என்றாலும் அரசன் என்றாலும் அதே ‘ஐ’, அதே ‘கு’. பன்மை வந்தால் ‘கள்’ போட்டு அதுக்குப் பின்னால அதே ‘ஐ’. பெட்டி பெட்டியாக் கோர்த்த ரெயின் மாதிரி. லத்தீனில அப்பிடிப் பெட்டி கழட்ட ஏலாது. ‘புவெல்லாரும்’ என்றால் ‘பெண்பிள்ளைகளின்’. (எனக்கு அது ‘எல்லாரும்’ மாதிரித்தான் கேக்கும்.) அதில பன்மை எது, ‘இன்’ எது என்று கத்தி வச்சு வெட்ட ஏலாது. ரெண்டும் உருகி ஒண்டாப் போச்சு. இந்த உருகலும் ஒரு மாதிரி இல்லை, ஐஞ்சு மாதிரி. அதைத்தான் டிக்லென்சன் எண்டு சொல்லுவினம். நான் வாய்ப்பாடு என்றே சொல்லப்போறன், பாடமாக்கிற விதம் அதுதான். ஐஞ்சு வாய்ப்பாடு, ஒவ்வொண்டிலும் ஒருமைக்கு ஐஞ்சு, பன்மைக்கு ஐஞ்சு, ஆக ஐம்பது கட்டம். விளி தனி. பலர்பால் பலவின்பால் மாதிரி ஒண்டும் இல்லாமல், மேசைக்கும் கதவுக்கும்கூட ஆண்பால் பெண்பால் இருக்கிறது தனி.

ஐம்பது கட்டத்தையும் வேற வேற வாலால நிரப்பியிருந்தாலும் பரவாயில்லை. ஒரே வால் நாலு இடத்தில நிக்கும். ‘புவெல்லை’ என்றால் பெண்ணினுடைய; பெண்ணுக்கு என்றாலும் ‘புவெல்லை’; பெண்கள் என்ற எழுவாயும் ‘புவெல்லை’; பெண்களே என்று கூப்பிட்டாலும் ‘புவெல்லை’. ‘நௌத்தை புவெல்லை ரோசாஸ் தந்த்’ என்று ஒரு வசனம் எழுதினால் மாலுமிகள் பெண்ணுக்கு ரோசாப்பூக்கள் குடுக்கினமா, பெண்கள் மாலுமிக்குக் குடுக்கினமா என்று ஆராலயும் சொல்ல ஏலாது. பூ ஆற்றையோ கையுக்குப் போகுது, அவ்வளவுதான் உறுதி :-)

இதுக்குள்ள தமிழனுக்கென்று தனியா ஒரு பொறி. ‘புவெல்லை’ என்று கேட்டவுடன என்ர மூளை என்ன செய்யும்? ‘லை’ என்று முடியுது, அப்ப இரண்டாம் வேற்றுமை, செயப்படுபொருள் என்று தானா முடிவெடுத்திடும். லத்தீனில அது இரண்டாம் வேற்றுமையைத் தவிர மற்ற எல்லாம்!

(ஒரு வசதியும் இருக்கு. எழுவாய் ‘புவெல்ல’, நாங்கள் மூன்றாம், ஐந்தாம் வேற்றுமைகளுக்கு வைக்கிறது ‘புவெல்லா’. ரோமன் எழுத்தில ரெண்டும் ஒண்டு, பாடப்புத்தகத்தில மட்டும் மேல ஒரு கோடு இழுத்துக் காட்டுவினம். நான் கொப்பியில தமிழ் எழுத்தில எழுதிப் படிக்கிறதால குறில் நெடில் தன்ர பாட்டில வந்திடும். ஆனால் ப-வா, ஃப-வா, தெ-யா, டெ-யா என்று வாற இடத்தில எங்கட எழுத்து கையை விரிச்சிடும்.)

சரி, அந்த ஞாயிற்றுக்கிழமை. கைவிடுறதெண்டு முடிவெடுத்தாலும் படிவம் நிரப்பத் திங்கள்வரைக்கும் இருந்தது. குசினி மேசையில இருந்து கடைசியா ஒருக்கா இரண்டாம் வாய்ப்பாட்டைச் சத்தமா வாசிச்சுக்கொண்டிருந்தன். மாதிரிச் சொல் ‘தோமினுஸ்’. தலைவன், எசமான் என்று கருத்து. தோமினுஸ், தோமினீ, தோமினோ, தோமினும், தோமினோ...

“தோமினே எங்க?” என்று சோபாவில இருந்து ஒரு குரல்.

அப்பப்பா. எழுபத்தேழு வயசு. பிறம்ரனுக்கு வந்து ஆறு வருசம். ஆறு வருசத்தில அவற்ர நடமாட்டம் சோபா, கோயில், குளிர் இல்லாத மாதங்களில வீட்டுக்குப் பின்னால ரெண்டு வரிசை கத்தரி. சித்தப்பா, சித்தி ரெண்டு பேரும் வேலை. தங்கச்சி ஐபாட்டோட. அவரோட கதைக்க ஆக்களில்லை, அவரும் கதைக்க வேணும் எண்டு நிக்கிற ஆளில்லை. நான் வந்த பிறகு என்னோட கதைச்சதெல்லாம் சேர்த்தாலும் ஒரு பின்னேரத்துக்குக் காணாது.

“உங்களுக்கு லத்தீன் தெரியுமோ அப்பப்பா?”

“தெரியாது மோனை. பூசைக்கு உதவினனான்.”

ஊர்காவற்றுறையில சின்னப் பெடியனா இருக்கேக்க பீடத்தில பூசை உதவி செய்தவராம். அப்ப பூசை லத்தீன். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல மக்களின்ர மொழியில வழிபாடு செய்ய வழிவிட்ட பிறகுதான், அறுபதுகளின்ர நடுப்பகுதியில இருந்து பூசை தமிழுக்கு மாறினது. அதுக்கு முந்தின பெடியள் பதில் எல்லாத்தையும் லத்தீனில பாடமாக்கவேணும். கருத்துச் சொல்லிக் குடுக்கிறது குறைவு. பிழைவிட்டால் காதில முறுக்கு. அறுபது வருசத்துக்கு மேல, ஒரு சொல்லும் மறக்கேல்லை மனுசன். நான் படிக்கிற பழைய ரோமன் உச்சரிப்பும் அவற்ர கோயில் உச்சரிப்பும் கொஞ்சம் வேற. நான் ‘கைலும்’ எண்ட வானத்தை அவர் ‘சேலும்’ என்பார். நான் ‘புவெல்லை’ என்றால் அவருக்கு அது ‘புவெல்லே’. நான் சொல்லுறது பிழை எண்டு இண்டைக்கும் அவற்ர எண்ணம்.

“ஒவ்வொண்டுக்கும் கருத்து என்ன?” என்று கேட்டார்.

நான் கட்டத்தைப் பார்த்துச் சொன்னன். தோமினுஸ், ஆண்டவர். தோமினீ, ஆண்டவரின். தோமினோ, ஆண்டவருக்கு. தோமினும், ஆண்டவரை. தோமினே, ஆண்டவரே.

கொஞ்சநேரம் ஒண்டும் பேசேல்லை. பிறகு விரலை மடிச்சு மடிச்சு தொடங்கினார். குருவானவர் சனத்தைப் பார்த்துத் திரும்பி வாழ்த்துச் சொல்லேக்க வாறது தோமினுஸ், அங்க ஆண்டவர்தான் எழுவாய். நன்றி செலுத்துவம் என்று கூப்பிடேக்க தோமினோ, அவருக்கு. அதுக்கு முந்தின பதிலில, நெஞ்சை எழுப்புற இடத்தில, தோமினும், அவரை நோக்கி. சாங்க்துஸ் பாட்டில அவருடைய பேரால என்று வாற இடத்தில தோமினீ. நற்கருணைக்கு முந்தி நெஞ்சில தட்டி மூண்டுதரம் சொல்லுறது தோமினே, கூப்பிடுறது. நான் புத்தகத்தில ஒரு கட்டத்தைக் கையால மறைச்சுக்கொண்டிருந்தன், அவர் மறைச்ச கட்டத்தையும் பூசையில இருந்து எடுத்துத் தந்தார். ஒரு முழு வாய்ப்பாட்டின்ர ஒருமைப் பக்கம் இந்த மனுசனுக்குள்ள சின்ன வயசில இருந்து கிடந்திருக்கு, கட்டம் போடாமல்.

“ஒரே சொல்லைத்தான் வேற வேற மாதிரிப் பிழையாச் சொல்லுறாங்களாக்கும் எண்டு நினைச்சிருந்தன்,” என்றார்.

பிறகு, “அப்ப நீ ஏன் குறைய எடுத்தனி?”

பேப்பரைக் காட்டினன். ஆங்கிலத்தில இருந்து லத்தீனுக்கு மாத்திற வசனங்கள். அவருக்கு ஆங்கிலம் கஷ்டம், அதால ஒவ்வொரு வசனத்தையும் தமிழில சொல்லிச் சொல்லிக் காட்டினன். உழவன் தண்ணி கொண்டுவாறான். நான் எழுதினது ‘அக்வ’, சிவப்புப் பேனையால திருத்தியிருந்தது ‘அக்வம்’. அவள் மாலுமிக்குக் காசு குடுக்கிறாள். ‘பெக்கூனிய’ என்று எழுதியிருக்கிறன், ‘பெக்கூனியம்’ வேணும். மாலுமியள் ரோசாப்பூக் குடுக்கினம். ‘ரோசை’ எழுதியிருக்கிறன், ‘ரோசாஸ்’ வேணும். ஆனால் பெட்டை மாலுமியைப் பாக்கிறாள் எண்டதில ‘நௌத்தம்’ சரி. உழவன் மகளைக் கூப்பிடுறான், சரி.

வாயால சொன்ன பிறகுதான் காதில விழுந்தது. திரும்ப ஒருக்கா சொல்லிப் பாத்தன். மாலுமி*யை*. மக*ளை*. ஆனால் தண்ணி கொண்டுவாறான், காசு குடுக்கிறாள், பூக் குடுக்கினம். மனுசருக்கு ‘ஐ’ போடுறன். சாமானுக்குப் போடேல்லை!

நாங்கள் ஆரும் போடுறதில்லையே. “தண்ணியைக் குடி” என்று சொன்னால் ஏதோ ஒரு குறிப்பிட்ட தண்ணி, மேசையில வச்சது, அதை முடி என்று கருத்து. சும்மா குடிக்கிறதெண்டால் தண்ணி குடி. “காசைக் குடுத்தான்” வேற, “காசு குடுத்தான்” வேற. ஆனால் “பெடியன் கூப்பிடு” என்று சொல்ல ஏலாது, பெடியனைத்தான் கூப்பிடவேணும். எங்கட இலக்கணகாரர் இந்த ஒளிச்சிருக்கிற ‘ஐ’க்கு எப்பவோ பேர் வச்சிட்டினம்: இரண்டாம் வேற்றுமைத்தொகை. சாதாரண தரச் சோதினைக்கு நானே விரிச்சு எழுதியிருக்கிறன், நீர் குடித்தான் என்றால் நீரைக் குடித்தான் என்று. புள்ளியும் எடுத்திருக்கிறன். லத்தீன்காரனுக்கு இந்தத் தொகை இல்லை. தண்ணியோ தலைவனோ, செயப்பட்டால் வால் மாறியே ஆகவேணும். என்ர பதினொரு பிழையில ஏழு இந்த ஒரே பிழை. மிச்சத்தில ரெண்டு மேல சொன்ன ‘லை’ப் பொறி.

இதுவரைக்கும் நான் நினைச்சது எனக்கு லத்தீன் ஏறேல்லை என்று. பிழை லத்தீனில இல்லை, ஆங்கிலத்தில இருந்தும் வரேல்லை. ஒவ்வொரு வசனத்தையும் எனக்குத் தெரியாமலே தமிழுக்குக் கொண்டுபோய், அங்க ‘ஐ’யைத் துலைச்சுப்போட்டு, பிறகு லத்தீனுக்குக் கொண்டுபோயிருக்கிறன். படிவம் நிரப்பேல்லை.

அடுத்த கிழமை பேராசிரியரிட்டப் போய் இதைச் சொன்னன். மனுசி கதிரையை இழுத்துப் போட்டு இருத்திட்டா. கன வசனம் தமிழில சொல்ல வச்சுக் கேட்டா. பிறகு அவ சொன்னதுதான் எனக்குப் புதினம். ஸ்பானிய மொழி லத்தீனின்ர பிள்ளை. பெயர்ச்சொல்லின்ர வேற்றுமை வால் எல்லாம் அதில உதிர்ந்துபோச்சு. உதிர்ந்த பிறகு அதில புதுசா ஒரு பழக்கம் வந்திருக்கு: செயப்படுபொருள் ஆளாக இருந்தால் முன்னால ஒரு ‘அ’ போடவேணும், சாமானுக்குத் தேவையில்லை. எங்கட ‘ஐ’ மாதிரியே! தாய் பாக்காத வித்தியாசத்தை மகள் பாக்கிறாள். இப்பிடிப் பாக்கிற மொழிகள் உலகத்தில இன்னும் கன இடத்தில இருக்காம்.

லத்தீன் பேர்களும் ஒரு வேடிக்கை. வேற்றுமைக்கு அவையள் சொல்லுற ‘காசுஸ்’ என்றால் விழுதல். எழுவாய் நிமிர்ந்து நிக்குது, மற்றதெல்லாம் அதில இருந்து சாய்ஞ்சு விழுகுது என்று கிரேக்கர் நினைச்சதின்ர மொழிபெயர்ப்பு. எங்கட ஆக்கள் விழுத்தேல்லை, பொருள் வேறுபடுது என்று மட்டும் சொல்லி வேற்றுமை என்று வச்சிட்டினம். செயப்படுபொருள் வேற்றுமைக்கு லத்தீன் பேர் ‘குற்றஞ்சாட்டுறது’ என்ற கருத்தில வரும். கிரேக்கச் சொல்லைப் பிழையா விளங்கி மொழிபெயர்த்ததால வந்த வினை என்பினம். எங்கட ஆல், ஓடு, இருந்து, இல் எல்லாத்துக்குமாச் சேர்த்து லத்தீனில ஒரு வேற்றுமைதான் நிக்குது. கிரேக்கத்தில அதுக்குச் சோடி இல்லாததால வார்ரோ எண்ட பழைய ரோமன் அறிஞர் அதை ஆறாம் வேற்றுமை, லத்தீனுக்கே உரியது என்று எழுதினவர். கிரேக்கத்தில இல்லாத ஒண்டு தங்களிட்ட இருக்கெண்டு அவருக்கும் கொஞ்சம் புழுகு இருந்திருக்கும்போல.

இதே பாதையில எதிர்ப்பக்கமா நடந்து வந்தவையும் இருக்கினம். வீரமாமுனிவர் என்று நாங்கள் தேம்பாவணிக்காகப் படிச்ச பெஸ்கி (1680–1747) இத்தாலியில பிறந்த இயேசுசபைக் குரு. பேச்சுத் தமிழுக்கு, அதாவது கொடுந்தமிழுக்கு, அவர் லத்தீனில எழுதின இலக்கணம் 1738இல தரங்கம்பாடியில அச்சாச்சு. அச்சடிச்சது லூத்தரன் மிசன் அச்சகம், அவையளுக்கும் அவருக்கும் ஆகாது! செந்தமிழுக்கும் தனியா ஒரு லத்தீன் இலக்கணம் எழுதினவர். திருக்குறளின்ர அறத்துப்பாலையும் பொருட்பாலையும் லத்தீனில மொழிபெயர்த்தவர். அவருக்கு முந்தி, 16ஆம் நூற்றாண்டில, தூத்துக்குடிப் பக்கம் இருந்த அன்றிக் அடிகளார் போர்த்துக்கேயத்தில எழுதின தமிழ் இலக்கணமும் லத்தீன் இலக்கணச் சட்டத்துக்குள்ள தமிழை வச்சுப் பாத்ததுதான். பிறகு 1856இல கால்டுவெல் வந்து, திராவிட மொழிகளில இருக்கிறது உண்மையில ஒரே வாய்ப்பாடுதான் என்ற பக்கம் நிண்டார். அவையள் ஐம்பது கட்டத்தோட வந்து எங்கட ஒற்றை வரிசையைப் பாத்து ஒரு பெருமூச்சு விட்டிருப்பினமோ, அல்லது மிச்சக் கட்டம் எங்க என்று தேடியிருப்பினமோ? பெஸ்கியும் தொடக்கத்தில “தண்ணியைக் குடிச்சன், சோத்தைச் சாப்பிட்டன்” என்று ஒவ்வொண்டுக்கும் ‘ஐ’ போட்டுக் கதைச்சிருப்பார் என்றுதான் நினைக்கிறன். என்ர பிழையின்ர மறுபக்கம்.

அப்பப்பாவுக்குப் பெஸ்கியைவிடத் தனிநாயகம் அடிகளில புழுகு. சொந்த ஊர்ப் பக்கம், 1913இல கரம்பொனில பிறந்தவர். 1930களில ரோமில குருத்துவம் படிச்சு, லத்தீன் எல்லாம் கரைச்சுக் குடிச்சிட்டு, அதுக்குப் பிறகுதான் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில போயிருந்து தமிழ் இலக்கியத்தை முறையாப் படிச்சவர். லிஸ்பனில 1554ஆம் ஆண்டுத் தமிழ்ப் புத்தகத்தையும், வத்திக்கான் நூலகத்தில அந்தாவோ தெ புரோயென்சாவின்ர 1679ஆம் ஆண்டுத் தமிழ்–போர்த்துக்கேய அகராதியையும் எங்கட ஆக்களின்ர கண்ணுக்குக் கொண்டுவந்தது அவர்தான். “அவர் லத்தீன் படிச்சது வீணாப் போகேல்லைத்தானே,” என்று சித்தப்பாவுக்குக் கேக்கத்தக்கதாச் சொன்னார் அப்பப்பா. சித்தப்பா ரீவியின்ர சத்தத்தைக் கூட்டினார் :-)

மூன்றாம் வாய்ப்பாடு வந்தது நவம்பரில. வகுப்பில பாதிப்பேர் அழாக்குறை. அரசன் ‘ரேக்ஸ்’, ஆனால் அரசனின் என்றால் ‘ரேகிஸ்’. பெயர் ‘நோமென்’, பெயரின் என்றால் ‘நோமினிஸ்’. உடல் ‘கோர்ப்புஸ்’, உடலின் ‘கோர்ப்போரிஸ்’. எழுவாயைப் பாத்து உள்ளுக்க இருக்கிற அடியைக் கண்டுபிடிக்க ஏலாது. அதால அகராதியிலயே ரெண்டு வடிவத்தையும் சேர்த்துத்தான் குடுப்பினம், ரேக்ஸ் ரேகிஸ், நோமென் நோமினிஸ் என்று. சோடியாப் பாடமாக்கவேணும்.

நான் அந்தச் சோடியளைச் சொல்லிக்கொண்டிருக்கேக்க பக்கத்தில தங்கச்சி தன்ர சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு வேலையோட இருந்தாள். பத்து வயசு, இஞ்ச பிறந்தவள். வீட்டில தமிழ் விளங்கும், பதில் ஆங்கிலத்தில வரும். அவளின்ர கொப்பியில எல்லாம் சிவப்பு. ‘வீடுக்கு’, ‘மரமை’, ‘ஆறில’. வகுப்பில வாசிச்சுக் காட்டச் சொல்லி, மற்றப் பிள்ளைகள் சிரிச்சதில இருந்து இனிப் போகமாட்டன் என்று நிக்கிறாள். சித்தியும் “விருப்பமில்லாட்டி விடட்டும்” என்ற நிலைக்கு வந்திட்டா. நான் இருபதுக்கு ஒன்பதோட பஸ்ஸில வந்த நாளும் அதே மாதிரித்தானே இருந்தது.

அவள் செய்தது ஒரு வகையில சரி. விதியைப் பிடிச்சிட்டாள்: சொல், அதுக்குப் பின்னால ‘கு’. வீடு, கு, வீடுக்கு. அவளுக்கு ஆரும் சொல்லாதது, எங்கட சொல்லும் எழுவாயில அடியை ஒளிச்சு வைக்குது எண்டது. வீடு என்ற சொல்லுக்குள்ள ‘வீட்டு’ இருக்கு, மரத்துக்குள்ள ‘மரத்து’ இருக்கு, ஆற்றுக்குள்ள ‘ஆற்று’. நாங்கள் தாயின்ர மடியில கேட்டுப் பழகினதால ஒளிச்சது தெரியேல்லை. நான் எழுதின வசனத்தையே பாருங்கோ, மரத்துக்குள்ள, ஆற்றுக்குள்ள என்று தன்னால வருது. எங்கட ‘ஒரே வாய்ப்பாடு’ என்று மேல பெருமை அடிச்சனே, வால் ஒண்டுதான், ஆனால் வாலைக் கொழுவிற இடம் மாறும்.

அவளுக்குச் சாரியை என்றெல்லாம் சொல்லப் போகேல்லை. லத்தீன் அகராதி மாதிரிச் சோடி எழுதினம். மரம், மரத்து. பணம், பணத்து. வீடு, வீட்டு. காடு, காட்டு. ஆறு, ஆற்று. நான், என். நீ, உன். ரெண்டாவதுக்குப் பின்னால என்ன வாலும் கொழுவலாம் என்று சொன்னன். பிரிட்ஜில ஒட்டியிருக்கு. போகவர அப்பப்பா ஒரு சொல்லைக் கேப்பார், அவள் சோடியைச் சொல்லுவாள். ஒருநாள் “கிணறு” என்றார். கிணத்தை அவள் கண்டதே இல்லை. கொஞ்சம் யோசிச்சு “கிணற்று?” என்றாள். அண்டைக்கு மனுசன் சோபாவில இருந்து எழும்பி வந்து, எங்கட ஊர்வீட்டுக் கிணத்தைப் பற்றி அரை மணித்தியாலம் கதைச்சார். அவள் பாதி தமிழிலயும் பாதி ஆங்கிலத்திலயும் கேள்வி கேட்டாள். ஐபாட் பக்கத்தில கிடந்தது.

எல்லாத்துக்கும் தமிழ் கைகுடுக்கும் என்று நினைக்காதேங்கோ. பெயரடை எண்டு ஒண்டு இருக்கு. எங்களுக்கு நல்ல மாலுமி, நல்ல மாலுமியை, நல்ல மாலுமிகளுக்கு. ‘நல்ல’ அசையாது. லத்தீனில அந்த ‘நல்ல’ பெயர்ச்சொல்லோட சேர்ந்து பால், எண், வேற்றுமை மூண்டிலயும் மாறவேணும். மாறினாலும் வால் ஒரே வாலா இருக்கவேணும் எண்டில்லை! மாலுமி முதலாம் வாய்ப்பாடு, ஆனால் ஆம்பிளை, அதால ‘நௌத்த போனுஸ்’. ஒருவர் ஒரு பாட்டிலயும் மற்றவர் வேற பாட்டிலயும் நடந்துகொண்டு நாங்கள் சோடி எண்ணுவினம். இதுக்குத் தமிழில ஒண்டும் இல்லை, அப்பப்பாவின்ர பூசையிலயும் எனக்கு உதவி கிடைக்கேல்லை. உருப்போடத்தான் வேணும்.

போன கிழமை இரண்டாவது சோதினை. இருபதுக்குப் பதினைஞ்சு. போன ஐஞ்சும் பெயரடையில போனது. தண்ணி, காசு, பூ எல்லாத்துக்கும் வால் இருந்தது. சித்தப்பாவிட்டச் சொன்னன். “செத்த பாசையில பதினைஞ்சோ” என்றார், பிறகு கொஞ்சம் பொறுத்து, அண்ணைக்குச் சொல்லிட்டியோ என்று கேட்டார்.

அடுத்தது நாலாம் வாய்ப்பாடு. மாதிரிச் சொல் ‘மானுஸ்’, கை. பாக்க அச்சா ‘தோமினுஸ்’ மாதிரியே இருக்கும், ஆனால் வாய்ப்பாடும் வேற, பாலும் வேற, பெண்பாலாம். ஏன் என்று அப்பப்பா கேட்டிருக்கிறார், பின்னேரம் போய்ச் சொல்லவேணும். 501 வருகுது, மிச்சம் பஸ்ஸுக்குள்ள படிக்கிறன்.